தீப்பொறி எப்போது விழ வேண்டும்?

கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1976 மாடல் என்றால், பெரும்பாலான பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காரைச் சோதனை நிலையத்துக்கு ஓட்டிப்போயாக வேண்டும். முன்பு 30 வயதைத் தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் விலக்குப் பெற்று வந்தன. 2004-இல் வந்த சட்டம் விலக்கின் எல்லையை 1975-லேயே நிறுத்திவிட்டது. 35 ஆண்டு கடந்த கார்களுக்கு விலக்குக் கேட்டு, தொலைக்காட்சி நகைச்சுவையாளரும் கார் சேகரிப்பாளருமான ஜே லெனோ ஆதரித்த மசோதாவும் 2025-இல் நிறைவேறவில்லை.

இந்த விவாதத்தில் பழைய கார் பிரியர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதம்: “பொறி விழும் டைமிங்கைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் இன்ஜின் நன்றாக ஓடும். நன்றாக ஓடுகிற இன்ஜின் சுத்தமாகத்தானே எரிக்கும்?” இதில் முதல் வாக்கியம் பெரும்பாலும் உண்மை. இரண்டாவதில்தான் சிக்கல்.

பெட்ரோல் கலவை ஒரே கணத்தில் வெடித்துவிடுவதாக நினைக்கிறோம். உண்மையில் அது எரிந்து முடிய நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தை நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கார் நின்றபடி இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடும்போது, அதற்குள் கிராங்க் 9 டிகிரி திரும்பியிருக்கும். 3000 சுற்றில் 36 டிகிரி. அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழுகிறது. வேகம் கூடக் கூட இன்னும் முன்னதாக விழுகிறது. எரிப்பின் முழு அழுத்தமும் பிஸ்டன் இறங்கத் தொடங்கியதும் கிடைத்தால், இழுவையும் மைலேஜும் நன்றாக இருக்கும்.

ஆனால் அந்த அழுத்தத்தோடு வெப்பமும் உச்சத்துக்குப் போகிறது. அந்த வெப்பத்தில், உள்ளே வந்த காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிறது. எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பனும் இந்த ஆக்சைடும் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் பிறக்கும் என்பதை 1950-களின் தொடக்கத்தில் கால்டெக் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் கண்டறிந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் மக்களின் கண்ணை எரித்த மூட்டம் இப்படித்தான் உருவானது.

1966 மாடல்களிலிருந்து கலிபோர்னியா புகைக்கு வரம்பு வைத்தது. கார் நிறுவனங்கள் கையிலெடுத்த மலிவான வழிகளில் ஒன்று, பொறியைத் தாமதப்படுத்துவது. தாமதமாக எரிந்தால் உச்ச வெப்பம் குறையும். வெளியேறும் புகையோ கூடுதல் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் மிச்சமிருக்கும் ஹைட்ரோகார்பனும் எக்ஸாஸ்டிலேயே எரிந்துவிடும். இதற்கு உரிமையாளர் கொடுத்த விலை மைலேஜும் இழுவையும். 1970-களில் பழைய கார்களில் மாட்டிய சில கருவிகள் பொறியை முன்னதாக விழவைக்கும், டிஸ்ட்ரிப்யூட்டரின் வேக்குவம் அட்வான்ஸையே துண்டித்தன. இன்ஜின் மிகவும் சூடேறினால் அதைத் திரும்ப இணைக்க, வெப்பத்தைப் பார்த்து இயங்கும் ஒரு சுவிட்சும் அவற்றில் இருந்தது. மக்கள் எரிச்சலடைந்ததில் வியப்பில்லை.

ஆகவே பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள டைமிங் எண், அதிக இழுவைக்கான எண் அல்ல. கார்புரேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், பிற புகைக் கருவிகள் எல்லாம் சேர்ந்து சான்று பெற்ற ஒரு தொகுப்பில் அது ஒரு பகுதி. ஒன்றை மட்டும் மாற்றினால் அந்தச் சான்று அந்த இன்ஜினுக்குப் பொருந்தாது.

சோதனை நிலையத்தில் பார்ப்பதும் இதைத்தான். இன்ஜினைச் சூடாக்கி, லேபிள் சொல்கிறபடி வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, முதல் சிலிண்டர் ஒயரில் டைமிங் லைட்டைக் கவ்வவிட்டு, கிராங்க் புல்லிமேல் ஒளியைக் காட்டுவார்கள். சுழலும் புல்லியில் வெட்டுக்கோடு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அது லேபிள் எண்ணிலிருந்து மூன்று டிகிரிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது.

புகை அளவீட்டில் ஹைட்ரோகார்பன் கூடினால் பிளக்கோ ஒயரோ வால்வோ பழுதாகியிருக்கலாம். நைட்ரஜன் ஆக்சைடு கூடினால், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு அடைத்திருக்கலாம், கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம், சிலிண்டரில் கரி படிந்திருக்கலாம். கார்பன் மோனாக்சைடோ பெரும்பாலும் கலவையின் கணக்கு. டைமிங்குக்கும் அதற்கும் உறவு குறைவு. எனவே டைமிங்கை முதலில் லேபிளுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு பழுதைத் தேடுவதே முறை. சோதனைக்காகப் பின்னே தள்ளி, வீடு திரும்பியதும் முன்னே தள்ளினால், அந்தச் சான்றிதழ் தெருவில் ஓடும் காரைப் பற்றி எதுவும் சொல்லாது.

பழைய கார்களுக்கு விலக்குக் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. போற்றிப் பாதுகாக்கும் கார் மாதத்தில் சில நாள்தான் ஓடுகிறது; உதிரிபாகம் கிடைப்பது அரிது. அந்த உண்மைகளை முன்வைத்தே வாதாடலாம். பொறியை முன்னே தள்ளினால் காற்று சுத்தமாகும் என்ற வாதத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அந்த இன்ஜினிலிருந்து வரும் புகையே அதற்கு எதிரான சாட்சி.