படிவத்தில் இல்லாத கேள்வி

"காசு இருந்தால் உடம்பு தானாக நன்றாக இருக்கும்." படித்தவர்களே இதைக் கூசாமல் சொல்கிறார்கள். ஆதாரமாக ஒரு வரைபடத்தையும் நீட்டுகிறார்கள்: வருமானம் ஏற ஏற ஆயுளும் ஏறுகிறது. அந்தக் கோடு பொய் சொல்லவில்லை. அதை வைத்து இவர்கள் கட்டும் முடிவுதான் பொய்.

வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கலக்கும் தாயைப் பாருங்கள். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். உறையில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவள் அளந்து ஊற்றுவாள். தெரியாதவள் மொத்தத்தையும் ஒரே டம்ளரில் கொட்டிவிட்டால், உப்பு மிகுந்து மருந்தே ஆபத்தாகிவிடும். படித்த தாயின் வீட்டில் பெரும்பாலும் வருமானமும் சற்றுக் கூடுதல். கணக்கெடுக்க வந்தவர் வருமானத்தையும் குழந்தையின் எடையையும் மட்டும் குறித்துக்கொண்டு போனால், படிப்பு செய்த வேலையும் பணத்தின் பேரில் வரவாகிவிடும். விடுபட்ட மாறியால் வரும் பிழை என்று புள்ளியியல் சொல்வது இதைத்தான். ஆயிரம் வீட்டுக்குப் பதில் பத்து லட்சம் வீடு ஏறி இறங்கினாலும் இந்தப் பிழை தீராது.

ஸ்வீடனில் லாட்டரிப் பரிசு பெற்றவர்களை ஆராய்ந்து 2016-ல் ஒரு கட்டுரை வெளியானது. பரிசு படிப்பையோ குடும்பத்தையோ பார்த்து விழுவதில்லை; அதனால் பணத்தின் வேலையைத் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது. பெரியவர்களின் மரண விகிதத்தில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. "அங்கே மருத்துவம் அரசின் பொறுப்பு, அதனால்தான்" என்பார்கள். நானும் அதைத்தானே சொல்கிறேன்! கேரளமும் இலங்கையும் வருமானம் குறைவாக இருந்த காலத்திலேயே குழந்தை மரணத்தைக் குறைத்தன. பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள். அரசு ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருந்தது.

வறுமை கொல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. பசித்தவனுக்குப் பணம் சோறு. ஆனால் "முதலில் வளர்ச்சி வரட்டும், சுகாதாரம் பின்னால் வரும்" என்று சொல்லி ஊருக்கு வரவேண்டிய செவிலியரைத் தள்ளிப்போடுகிறார்களே, அதைப் பொறுக்க முடியவில்லை.

பணம் வரும்போதும் அது யார் கையில் வருகிறது என்பது முக்கியம். தென்னாப்பிரிக்காவில் 1990-களில் கறுப்பின முதியோருக்கு ஓய்வூதியம் உயர்ந்தது. பொருளியலாளர் எஸ்தர் டூஃப்லோ அந்த வீடுகளின் குழந்தைகளை ஆராய்ந்தார். பாட்டி கையில் பணம் வந்த வீட்டில், உயரத்துக்கேற்ற எடை பேத்திகளுக்குக் கூடியிருந்தது. தாத்தா கையில் வந்த வீட்டில் அப்படி எதுவும் தென்படவில்லை. கணக்கெடுப்புப் படிவத்தின் வருமானக் கட்டத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓய்வூதியத் தொகைதான்.