பெரியவர் ஆட்டத்தில் சிறுவர்

இங்கிலாந்தில் ஊர்க் கிளப் கிரிக்கெட்டில் பெரியவர்களோடு சிறுவர்களும் சேர்ந்து ஆடுவதுண்டு. இதற்கு அந்நாட்டுக் கிரிக்கெட் போர்டார் வயதுக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பேட்காரர் பந்தை அடிக்கும் வரையில், 15 வயதுப் பிரிவுப் பையன் நடு ஸ்டம்புக்கு 8 கெஜத்துக்குள்ளும், 13 வயதுப் பிரிவுப் பையன் 11 கெஜத்துக்குள்ளும் நிற்கக் கூடாது. ஆப் பக்கத்தில் விக்கெட்டுக்குப் பின்புறம் மட்டுமே விலக்கு. மீறினால் அம்பயர் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். 18 வயது ஆகாதவர் பேட் பிடிக்கும்போது ஹெல்மெட் அணிந்தே தீர வேண்டும். "வேண்டாம்" என்று தகப்பனே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

"பெற்றவனுக்கில்லாத அக்கறை போர்டாருக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நாம் கேட்கிறோம்: பந்து தகப்பனார் கையெழுத்தைப் பார்த்தா வருகிறது? பெற்றுவிட்டதாலேயே பிள்ளையின் மண்டை அவருக்குச் சொத்தாகிவிடுமா? "பயமறியாத பையன்" என்று புகழ்ந்து கிட்டே நிறுத்துகிற காப்டன், அடிபட்ட பின் "தலைவிதி" என்பார். விதியல்ல, பந்தின் வேகமும் நின்ற தூரமுமே காரணம்.

ஒரே வயதுப் பிள்ளைகளிலும் வளர்ச்சி வித்தியாசப்படும் என்பது வாஸ்தவமே. ஆகவே வயதெல்லை குறைந்த அளவுக் காவல்தான். அதற்கு மேல் உடற்பலத்தையும் பார்க்க வேண்டியது பெரியவர் பொறுப்பு. பையன் தாராளமாக ஆடட்டும். அவன் தலையைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே நமது அபிப்பிராயம்.