கட்டியவன் கையில் சாவி, குடியேற ஆளில்லை!

வீடு இருக்கிறது, விளக்கேற்ற ஆளில்லை. கதவு இருக்கிறது, தட்டுவார் இல்லை. டாலர் நாட்டிலே, வானளாவும் மாளிகைகளின் நாட்டிலே, 2006-க்குப் பிறகு கண்ட காட்சி இது!

"அங்கே வீட்டு வியாபாரம் படுத்தால் நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள், தோழர்களே. வீடு கட்டுவோன் வீழ்ந்தால் யார்மீது வீழ்கிறான் என்பதை அறிய இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடித்தளம் போடப்பட்ட புது வீடுகள் 20 லட்சத்து 68 ஆயிரம். 2009-இல் 5 லட்சத்து 54 ஆயிரம். நான்கே ஆண்டில் நாலில் ஒரு பங்கு! புயல் அடித்ததா? பூமி நடுங்கியதா? இல்லை. கடன் அடித்தது, வட்டி நடுக்கியது.

2003-இல் அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை 1 சதவீதத்துக்கு இறக்கியது. பணம் மலிந்தது. வருமானம் என்ன என்று கேட்காமலே கடன் கொடுத்தார்கள். வேலை உண்டா என்று விசாரிக்காமலே கையெழுத்து வாங்கினார்கள். முதல் இரண்டாண்டு சின்ன வட்டி, பிறகு ஏறும் வட்டி! தூண்டிலிலே புழுவைக் கோத்தவன் மீனுக்கு விருந்து வைத்தான் என்றா சொல்வது? 2006-இல் அதே மத்திய வங்கியின் வட்டி 5.25 சதவீதம். தவணை கட்ட முடியாதவன் வீட்டை விட்டு வெளியேறினான். வங்கி பூட்டுப் போட்டது. கிடைத்த விலைக்கு விற்றது.

புது வீடு கட்டியவன் மாட்டிக்கொண்டது இங்கேதான். அவன் கட்டிய வீட்டுக்கு அடக்கவிலை உண்டு. மரத்துக்கு விலை, ஆணிக்கு விலை, தச்சனுக்குக் கூலி, மனைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி. எதிர்த் தெருவிலே வங்கி விற்கும் வீட்டுக்கோ அடக்கவிலையைப் பற்றிய கவலையே இல்லை, வந்தவரை லாபம். அவனோடு இவன் எப்படிப் போட்டி போடுவான்? முன்பணம் கட்டியவர்களும், "முன்பணம் போனால் போகட்டும், வீடு வேண்டாம்" என்று ஓடினார்கள். உச்ச விலையில் வாங்கிக் குவித்த மனைகள் கழுத்திலே கட்டிய கல்லாயின. ஹொவ்னானியன் என்ற பெரிய நிறுவனம் 2007 செப்டம்பரில் மூன்று நாள் தள்ளுபடி விற்பனையே நடத்தியது! ஆடி மாதத்தில் சேலை விற்பதுபோல் வீட்டை விற்றார்கள்.

லெவிட் அண்ட் சன்ஸ் கதை இன்னும் உருக்கமானது. 1947 முதல், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளை வரிசை வரிசையாக எழுப்பி, போர்முனையிலிருந்து திரும்பிய சாதாரண மனிதனுக்குச் சொந்தக் கூரை தந்த நிறுவனம். (சாதாரண மனிதன் என்றா சொன்னேன்? திருத்திக்கொள்கிறேன். வெள்ளை மனிதனுக்கு! வெள்ளையரல்லாதார் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். வீட்டு வேலைக்காரராக வந்தால் மட்டும் விலக்கு. நிறவெறிக்கும் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டுமே!) 1968-இல் குடும்பம் நிறுவனத்தை விற்றுவிட்டது, பெயர் மட்டும் கைமாறி வாழ்ந்தது. அந்தப் பெயரும் 2007 நவம்பரில் ஃபுளோரிடா மாநிலத்தில் திவால் மனுவில் ஏறியது. பாதி எழும்பிய சுவர்கள் அப்படியே நின்றன. முன்பணம் கட்டியவர்கள் கைபிசைந்து நின்றார்கள்.

"முதலாளி விழுந்தான், நல்லது" என்று கைதட்ட நினைக்கும் தோழனுக்கு ஒரு சொல். அவசரப்படாதே! கட்டுமானத் தொழிலில் 2006-இல் ஏறத்தாழ 77 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 2010-இல் 55 லட்சம் அளவுக்குச் சுருங்கியது. மெக்சிகோவிலிருந்து பிழைக்கப் போன கூரை வேலைக்காரனும், ஓடு பதிப்பவனும், வர்ணம் அடிப்பவனும்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள். அடுத்து, உள்ளூர் வங்கிக் கடனை நம்பி ஆண்டுக்குப் பத்து வீடு கட்டிய சிறு ஒப்பந்தக்காரன். தானே சுத்தியல் பிடித்து மேலேறியவன் அவன். அவனையும் கோடீசுவரனையும் ஒரே தட்டில் நிறுப்பது நியாயமாகாது.

ஆட்சியாளர் என்ன செய்தனர்? 2009 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர், வீட்டுரிமை, வணிகம் ஆகியவற்றுக்கு உதவும் சட்டம் என்று பெயர். தொழிலாளியின் பெயர்தான் முன்னால்! வேலையிழந்தவனுக்கு உதவித்தொகை இன்னும் சில வாரங்கள் நீண்டது, மறுக்கவில்லை, வரவேற்கத்தக்கதே. முதல் வீடு வாங்குவோருக்கு 8,000 டாலர் வரை வரிச் சலுகையும் தொடர்ந்தது. ஆனால் மூன்றாவது பங்கைப் பாருங்கள். நட்டமடைந்த நிறுவனம், முந்தைய ஐந்தாண்டு லாபத்துக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம். செழித்த காலத்தில் கோடி கோடியாக ஈட்டிய பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து பணம் திரும்பிற்று. ஈட்டாத சிறியவன் எதைத் திருப்பிக் கேட்பான்? அந்தப் பணத்தால் நீக்கிய தொழிலாளியைத் திரும்ப அழை என்று ஒரு நிபந்தனை உண்டா? இல்லை!

சிறு ஒப்பந்தக்காரர் பலர் தொழிலைவிட்டே போயினர். போன தச்சரும் எல்லோரும் திரும்பவில்லை. பின்னர் 2012-க்குப் பிறகு கிராக்கி மீண்டபோது கட்ட ஆள் பற்றாமல் வீட்டு விலை ஏறிற்று. 2022 அக்டோபரில் வீட்டுக் கடன் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியபோது, பெரிய நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, வாங்குவோரின் வட்டியைக் குறைத்து வீட்டைத் தள்ளிவிட்டன. ஆண்டுக்குப் பத்து வீடு கட்டுபவனுக்கு அந்த வசதி ஏது?