வீரசோழனிலிருந்து அளந்து பாருங்கள்

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஆடவர் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி, தென்மாவட்டங்களுக்கு ஒரு நல்ல ஆடுகளத்தை விட்டுச் சென்றிருக்கிறது. முதன்முறையாக 24 நாடுகள் ஆடிய அந்தப் போட்டிக்காக மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் செயற்கைப் புல்தரை விரிக்கப்பட்டது. டிசம்பர் 2 அன்று இந்திய இளைஞர்கள் சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றது அந்தத் தரையில்தான். இவ்வளவு நல்ல தரை கிடைத்த பிறகு, தென்மாவட்டக் கல்லூரிகளுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டிகளையும் இனி மதுரையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றுவது இயல்பு. ரயில் சந்திப்பு இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது, தங்கும் விடுதிகளுக்குக் குறைவில்லை, பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனாலும் கல்லூரி அளவிலான போட்டிக்கு மதுரையைவிடக் கோவில்பட்டியே பொருத்தமான ஊர் என்பது என் முடிவு. மதுரையின் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு ஊர் வசதியானது என்று சொல்லும்போது யாருடைய வசதியைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதை இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

போட்டிக்கு ஊர் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் நடத்துபவரின் வசதிதான் முன்னால் வருகிறது. நடத்த முன்வரும் கல்லூரி எது, நடுவர்கள் எளிதில் வந்துசேரும் இடம் எது, பரிசளிக்க வரும் விருந்தினருக்கு எது பக்கம் என்று பார்க்கிறோம். மிகத் தொலைவிலிருந்து வரும் அணி எவ்வளவு தூரம் பயணப்படுகிறது என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறோம், சில நேரம் அதையும் பார்ப்பதில்லை. தெற்கு ரயில் பாதையை மனதில் கொண்டுவந்து பாருங்கள். திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில் ஆகிய ஊர்கள் ஒரே கோட்டில் வருகின்றன. போட்டி மதுரையில் நடந்தால் நாகர்கோவில் அணி சுமார் 230 கிலோமீட்டர் வர வேண்டும். கோவில்பட்டியில் நடந்தால் அது 140 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். திண்டுக்கல் அணிக்குப் பயணம் கூடத்தான் செய்யும், ஆனால் அதுவும் ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான். தேனிக்காரர்களும் ராமநாதபுரத்துக்காரர்களும் மதுரைக்குப் போவதைவிட அதிகத் தூரம் வருவார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. என்றாலும் 230 என்ற அந்த நீளம் இங்கே எந்த மாவட்டத் தலைநகருக்கும் கிடையாது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சிரமப்படுவதும் ஒரு மூலையில் இருப்பவர் மட்டும் மொத்தச் சிரமத்தையும் சுமப்பதும் ஒன்றல்ல. சராசரியை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கணக்கும் ரயில் நிலையத்தோடு நின்றுவிடக் கூடாது, ஆட்டக்காரரின் வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், அருப்புக்கோட்டைக்கும் பரமக்குடிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில் இருக்கிறது வீரசோழன். ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். கண்மாய் நிறைந்தால் விளைச்சல், இல்லாவிட்டால் கருவேலங்கரி மூட்டம் என்று வாழும் சீமை இது. மத்திய அரசு 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டில் அதில் இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும். இவ்விரண்டும் தொடும் எல்லைப்புறத்தில்தான் இந்த ஊர் இருக்கிறது. இங்கிருந்து அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் மாணவர் ஹாக்கி அணியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து விருதுநகருக்கு இன்னொன்று, பிறகு ரயில். மட்டைகளைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். கோல்கீப்பரின் கால்காப்பு, மார்புக்கவசம், தலைக்கவசம் அடங்கிய பெரிய பையைக் கூட்டமான பஸ்ஸில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. ஆட்டம் முடிந்து அவர் அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் நேரத்தில் ஊருக்குப் போகும் கடைசி பஸ் போயிருக்கும். போட்டி மதுரையில் நடந்தாலும் கோவில்பட்டியில் நடந்தாலும் இந்த மாணவருக்குத் தூரம் பெரிதாக மாறிவிடாது, ஏனென்றால் அருப்புக்கோட்டையிலிருந்து இரண்டுமே ஏறக்குறைய ஒரே தொலைவு. ஆகவே அவருக்கு எது வசதியான ஊர் என்பதைக் கிலோமீட்டர் சொல்லாது. அன்றிரவு தங்க இடம் கிடைக்குமா என்பதுதான் சொல்லும். இந்தக் கேள்விக்குக் கோவில்பட்டி மதுரையைவிட நல்ல பதில் தர முடியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒரு மண் மைதானத்தில் போட்டியை முடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தொடக்கச் சுற்றுக்கு அது சரி. ஆனால் கரிசல் மண், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். சரளையும் செம்மண்ணும் பரப்பிச் சமன்செய்தாலும் பந்து துள்ளித்தான் வரும். செயற்கைத் தரையில் பந்து ஓடும் வேகம் வேறு, அதை மட்டையால் நிறுத்தும் விதம் வேறு, பெனால்டி கார்னரில் அதை இழுத்து வீசும் நுட்பமும் வேறு. உலகம் இந்த உண்மையை 1976 மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் பார்த்தது. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலில் செயற்கைத் தரைக்கு மாறிய ஆண்டு அது. 1928இலிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பிய இந்தியா அங்கே ஏழாவது இடத்துக்கு இறங்கியது. தரைமாற்றம் ஒன்று மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. மாநில அணிக்கும் பல்கலைக்கழக அணிக்கும் ஆள் எடுக்கும் போட்டியை மண்ணில் நடத்தினால், நாளை செயற்கைத் தரையில் திணறப்போகிறவரைத்தான் இன்று தேர்வு செய்வோம்.

கோவில்பட்டியில் அந்தத் தரை இருப்பதோடு, தரையைச் சுற்றி ஒரு ஹாக்கி ஊரும் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி பயிற்சி மையம் இங்கேதான் இயங்குகிறது. கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து இங்கே பயிற்சி பெற்ற கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள், அணி வெண்கலம் வென்றது. அதே ஆண்டு மே மாதம் தேசிய ஜூனியர் ஆடவர் போட்டியை ஹாக்கி இந்தியா இந்த ஊரில்தான் நடத்தியது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த அணிகளை ஏறக்குறைய இரண்டு வாரம் இந்த ஊர் தாங்கியது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்குப் பெரிய நிறுவன அணிகள் வருவதும் ஊர் அறிந்த விஷயம். தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் பேர்வாங்கித் தந்த ஒரு நடுத்தர ஊர், இன்று ஒரு விளையாட்டாலும் அறியப்படுகிறது. மதுரையில் கல்லூரிகள் மோதும் ஹாக்கி ஆட்டம் நகரத்தின் நூறு நிகழ்ச்சிகளில் ஒன்றாகிப்போகும். கோவில்பட்டியில் அதற்குப் பார்வையாளர்கள் வருவார்கள், எது நல்ல பாஸ் எது தப்பாட்டம் என்று தெரிந்தவர்கள் வருவார்கள். விவரம் தெரிந்தவர்கள் கரையில் நிற்கும்போது பத்தொன்பது வயதுப் பிள்ளையின் ஆட்டத்துக்கு வரும் மெருகு, வெறும் இருக்கைகளுக்கு முன் ஆடும்போது வராது.

தங்குமிடம்தான் எதிர்வாதங்களில் முக்கியமானது. மதுரையில் எத்தனை அணி வந்தாலும் அறை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த அறைக்கு வாடகை கொடுப்பது யார்? உதவிபெறும் கல்லூரி ஒன்றின் விளையாட்டு நிதியில் பதினெட்டுப் பேரை லாட்ஜில் நான்கு இரவு தங்கவைக்க முடியாது. அதனால்தான் அணிகள் விடியற்காலையில் புறப்பட்டு, ஆடி, இரவோடு இரவாகத் திரும்புகின்றன. இந்த வழக்கத்தை வளர்த்துவிட்டது நாக்-அவுட் முறை. 16 அணிகள் நாக்-அவுட்டில் ஆடினால் மொத்தம் 15 ஆட்டங்கள்தான். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். ஹாக்கி ஆட்டம் இப்போது 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். நாகர்கோவிலிலிருந்து 230 கிலோமீட்டர் வந்து, புதிய தரையில் கால் பழகுவதற்குள் 60 நிமிடம் முடிந்து, மீண்டும் 230 கிலோமீட்டர் போவதைப் போட்டி அனுபவம் என்று எப்படிச் சொல்வது? நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகளாக்கி லீக் முறையில் ஆடவைத்தால், பிரிவு ஆட்டங்கள் மட்டும் 24. ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. ஒரு தரையில் நாளுக்கு ஐந்தாறு ஆட்டம் என்றால் நான்கைந்து நாளில் பிரிவு ஆட்டங்கள் முடியும், பிறகு அரையிறுதியும் இறுதியும். இத்தனை நாள் தங்கக் கல்லூரி விடுதிகள்தான் வழி. கோவில்பட்டியில் கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி, தேசிய பொறியியல் கல்லூரி என்று பல நிறுவனங்கள் ஊரை ஒட்டியே இருக்கின்றன. விடுமுறை நாட்களில் விடுதியைத் திறந்துவிடச் சம்மதித்தால் அறை வாடகை என்ற செலவே கிடையாது. மைதானத்துக்குப் போக மதுரை நெரிசலில் ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம்.

இன்னொரு கேள்வி தண்ணீரைப் பற்றியது. இந்த வறண்ட சீமையில் வாழும் எவரும் இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள். ஹாக்கித் தரை 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம், அதாவது 5,000 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அதன்மேல் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் தெளித்தாலே 5,000 லிட்டர் போய்விடும். நடைமுறையில் அதைவிட அதிகம் தேவைப்படும், அதுவும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால். அருப்புக்கோட்டை போன்ற ஊர்களுக்குக் குடிநீரே தொலைவிலிருந்து குழாய் வழியாக வர வேண்டியிருக்கும்போது, ஆடுகளத்துக்கு இவ்வளவு தண்ணீரா என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. போட்டியைக் கோடையிலிருந்து நகர்த்துவதே இதற்குச் சரியான பதில் என்று நினைக்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து பொங்கலும் கழிந்த வாரங்களில் கிணறும் கண்மாயும் ஓரளவு தேறியிருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும், நவம்பர் டிசம்பர் பருவத் தேர்வுகளும் முடிந்திருக்கும். தண்ணீர் குறைவாகவே வேண்டியிருக்கும் தரைகளை நோக்கி உலக ஹாக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை தரையை மாற்றும்போது ஆணையம் அதையும் கருத வேண்டும்.

நிர்வாக எல்லை ஒரு தடைதான், ஆனால் தாண்ட முடியாத தடை அல்ல. சாத்தூரும் அருப்புக்கோட்டையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன, கோவில்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. சாத்தூரிலிருந்து ரயிலில் அடுத்த முக்கிய நிறுத்தமாக இருக்கும் ஊர், பல்கலைக்கழக வரைபடத்தில் அயலூராகிவிடுகிறது. இந்த இரண்டும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் சேர்ந்து, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தை நடத்துநராக வைத்துக்கொண்டால் எல்லைப் பிரச்சினையே எழாது, தரை ஆணையத்தினுடையதுதானே. ஆண்டுக்கொரு ஊர் என்று சுழற்சி முறையில் நடத்தினால்தான் நியாயம் என்பார்கள். தரையும் தங்குமிடமும் எல்லா ஊரிலும் சமமாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். இன்றைய நிலையில் சுழற்சி என்பது ஒரு வருடம் நல்ல தரை, அடுத்த வருடம் புழுதி என்றுதான் முடியும். மாவட்ட அளவிலான தொடக்கச் சுற்றுகளை அருப்புக்கோட்டை, ராமநாதபுரம், தேனி என்று சுற்றிவரச் செய்யலாம், அது தேவையும்கூட. இறுதிச் சுற்று மட்டும் ஒரே இடத்தில் நிலைக்கட்டும். மாநில, தேசியப் போட்டிகளுக்கு மதுரை இருக்கவே இருக்கிறது.

பெண்கள் அணிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு முழுமையாகாது. 2021இல் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான். மாவட்டம் தாண்டும் பஸ்ஸில் ஏறியதும் மாணவிகள் முழுக் கட்டணம் கொடுக்கிறார்கள். பணத்தைவிடப் பெரிய தடை இரவுப் பயணம். ஆட்டம் முடிந்து நடுநிசியில் மகள் வீடு திரும்ப வேண்டும் என்றால், வீரசோழன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் பெற்றோர் அடுத்த முறை அனுப்ப யோசிப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெண் காப்பாளருடன் கூடிய விடுதி, முதல் ஆட்டத்துக்கு முந்தின நாளே வந்து தரையில் ஒரு மணி நேரம் பழகும் வாய்ப்பு, தொலைதூர அணிகளின் கடைசி ஆட்டத்தைப் பிற்பகலுக்குள் முடிக்கும் அட்டவணை ஆகிய மூன்றும் அழைப்புக் கடிதத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்று பல்கலைக்கழகங்களின் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த கல்வியாண்டின் போட்டி அட்டவணையைப் போடும் முன், பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் அதன் அணியில் மிகத் தொலைவில் வசிக்கும் ஆட்டக்காரரின் ஊரையும் அந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொங்கலுக்குப் பிந்தைய ஒரு வாரத்தைக் கோவில்பட்டி தரைக்கு ஒதுக்குங்கள்.