புடவை கையில்தான் இருந்தது!



கல்லூரியில் படிக்கும் என் மகள் போன மாதம் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். நியூசிலாந்தின் மேற்குக் கரையில் ஹோகிடிகா என்று ஒரு ஆறு. மேல்பகுதிக்குப் போக ரோடு கிடையாதாம். படகுகளை ஹெலிகாப்டருக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டு போகிறார்கள். ஒரே ஒரு ஆள் உட்காரும் 'கயாக்' என்ற சின்னப் படகு. பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும் வெள்ளத்தில் அதை ஓட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், பெண்களும் சேர்த்துத்தான்!

"காசைக் கொட்டி உயிரை விடவா போறாங்க? என்னடி கூத்து இது?" என்றேன்.

"அவ்வளவு தூரம் போக வேணாம்மா. கேரளாவுல கோழிக்கோடு பக்கம் கோடஞ்சேரியில 2013லேருந்து மழைக்காலத்துல இந்தப் போட்டி நடக்குது. நானும் கத்துக்கப் போறேன்" என்றாள்.

என் மாமியார், "பொம்பளப் பிள்ளைக்கு ஆத்துல என்ன வேலை?" என்று ஆரம்பித்துவிட்டார். "1972ல மியூனிக் ஒலிம்பிக்ஸ்லயே பொம்பளைங்க ஓட்டியிருக்காங்க பாட்டி" என்று இவள் பதிலுக்குப் பதில்!

நானும் கூடாது என்றுதான் சொல்ல இருந்தேன். ஆனால் வீடியோவை இன்னொரு தடவை பார்த்தபோது ஒன்று கவனித்தேன். யாரும் குருட்டுத்தனமாக இறங்கவில்லை. தலையில் ஹெல்மெட், உடம்பில் மிதவை ஜாக்கெட். மோசமான இடம் வந்தால் படகை ஓரங்கட்டிவிட்டு, கரையோரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கீழே ஒருவர் பையில் கயிற்றோடு காத்து நிற்கிறார். படகு கவிழ்ந்தால் அவர் தண்ணீரில் குதிப்பதில்லை. கயிற்றைத்தான் வீசுகிறார்.

அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. எனக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது வாடிப்பட்டி பக்கம் பெரியாறு கால்வாயில் துணி துவைத்துக் கொண்டிருந்தோம். என் சின்னம்மா மகள் கால் வழுக்கி உள்ளே போய்விட்டாள். நாங்கள் நாலு பேர் கரையில் நின்று கத்தினோம், அழுதோம். ஆண்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அலசிக் கொண்டிருந்த புடவை என் கையில்தான் இருந்தது. அதை வீசலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நாலு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் புடவையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரை சேர்த்தார்கள். மானத்தைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை, உயிரைப் பற்றித்தான் யோசித்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் வைகையில் பல மாதம் மணல்தான் தெரியும். தண்ணீர் திறந்துவிட்டால் போதும், சின்னஞ்சிறுசுகள் எல்லாம் குதித்துவிடுகிறார்கள். கண்மாய், கிணறு, கால்வாய் என்று சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு, பெண்களுக்கு மட்டும் "கிட்டப் போகாதே" என்று சொல்லி வளர்த்தால் போதுமா? துணி துவைக்கவும் மாடு குளிப்பாட்டவும் போவது யார்? நாம்தானே!

பெண்கள் பள்ளிகளில் நீச்சலும், கயிறு வீசிக் காப்பாற்றுவதும் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை நாமாவது பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். முழுகுகிறவரைக் காப்பாற்றக் குதிக்காதே. கரையில் உட்கார்ந்துகொண்டு புடவையோ கயிறோ வீசு, நாலு பேராய்ப் பிடித்து இழு. வேகமான ஆற்றில் நீயே அடித்துப் போகப்பட்டால், பாறை இடுக்கில் கால் மாட்டிவிடும், எழுந்து நிற்கப் பார்க்காதே. மல்லாந்து படுத்து, ஆறு போகும் திசையில் காலை நீட்டிக்கொள்.

மகளிடம், "முதல்ல நீச்சல் கத்துக்க, அப்புறம் கோடஞ்சேரி" என்று சொல்லிவிட்டேன். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்தில் விசாரிக்கப் போகிறோம். அவளோடு நானும் சேரலாம் என்றிருக்கிறேன். இந்த வயதில் என்ன நீச்சல் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்!

— ஒரு வாசகி, செல்லூர், மதுரை-2