தோப்பு விக்கிரகமும் ஒரு பழைய கேள்வியும்



நம் குடும்பக் குழுவில் போன வாரம் நடந்த சண்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "பழைய ஏற்பாடு முழுக்கப் பிற்காலத்துக் கட்டுக்கதை" என்று மருமகன் ஒருவன் வீடியோ போட்டான். "இதைக் கேட்பதே பாவம்" என்று அத்தான் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். இருவரும் எனக்கு வேண்டியவர்கள். இருவர் சொன்னதையும் நான் ஏற்கவில்லை.

முதலில் என் பழைய கடன் ஒன்று. வரலாற்றோடு வேதபாட வகுப்பும் என் தலையில் இருந்த காலம். யோசியா ராஜா ஆலயத்திலிருந்து தோப்பு விக்கிரகத்தை வெளியே கொண்டுபோய் எரித்த கதையை (2 இராஜாக்கள் 23) நடத்திக்கொண்டிருந்தேன். "தோப்பை எப்படி சார் கோயிலுக்குள்ள வைப்பாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் அதட்டி உட்கார வைத்தேன்.

அருமையான கேள்வி அது! எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் 'அசேரா'. கானான் நாட்டுப் பெண் தெய்வத்தின் பெயர். அவளுக்காக நடும் மரக்கம்பத்துக்கும் அதே பெயர்தான். பழைய மொழிபெயர்ப்பில் அது 'தோப்பு' ஆகிவிட்டது. 1975-76இல் சினாய்ப் பகுதியில் குந்தில்லெத் அஜ்ருத் என்ற இடத்தில் செவ் மெஷெல் அகழாய்வு செய்தார். சுமார் கி.மு. 800ஐச் சேர்ந்த பெரிய சாடிகள் கிடைத்தன. சமாரியாவின் யாவே பேரிலும் 'அவருடைய அசேரா' பேரிலும் அவற்றில் ஆசி எழுதியிருந்தது. யாவே என்றால் நம் பைபிளில் வரும் கர்த்தர்தான். அந்த அசேரா தேவியா, கம்பமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எதுவானாலும், கர்த்தரைக் கும்பிட்டவர்களே அதையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

நைல் நதியின் எலிபன்டைன் தீவில் இருந்த யூதப் படைவீரர்கள் இன்னும் ஒரு படி மேலே. பலி செலுத்தத் தனிக் கோயிலே வைத்திருந்தார்கள். பலியிட ஒரே இடம்தான் என்கிறது உபாகமம் 12. கி.மு. 410இல் கோயில் இடிக்கப்பட்டதும், திரும்பக் கட்ட உதவி கேட்டு யூதேயா ஆளுநருக்கே கடிதம் எழுதினார்கள். கூச்சமே இல்லை! அவர்களுடைய ஏடுகளில் மோசேயின் பெயர்கூட இல்லை. இப்படிப்பட்ட சான்றுகளை வைத்துத்தான் யோனதான் ஆட்லர் 2022இல் எழுதிய நூலில், மோசேயின் சட்டத்தைப் பொதுமக்கள் பரவலாகக் கடைப்பிடித்ததற்கு கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கு முன் ஆதாரம் இல்லை என்கிறார்.

மருமகனே, இங்கேதான் கவனம். சட்டம் எழுதிய காலம் வேறு, ஊரே அதைக் கடைப்பிடித்த காலம் வேறு. 1979இல் எருசலேமில் கிடைத்த இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்களில், ஆராதனை முடிவில் ஐயர் கூறும் அந்த எண்ணாகமம் 6 ஆசீர்வாதத்தின் வரிகள் இருக்கின்றன. வயது சுமார் கி.மு. 600 என்பதே பெரும்பான்மைக் கருத்து. எல்லாமே பிற்காலச் சரக்கு என்று எப்படிச் சொல்வாய்?

அத்தான், உங்களுக்கும் ஒன்று. அசேரா ஆலயத்துக்குள்ளேயே இருந்தது என்பதை முதலில் சொன்னது தொல்லியல்காரர்கள் அல்ல, வேதமேதான். அது மறைக்காததை நாம் ஏன் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்? உங்களைத் திரும்பக் குழுவில் சேர்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் இருங்கள்.

தோப்பைப் பற்றிக் கேட்ட அந்தப் பையன் இதைப் படித்தால், கமெண்டில் ஒரு வார்த்தை போடப்பா. அன்றைக்குத் தப்பு சார் மேல்தான்.