பாட்டு எல்லாருக்கும் சொந்தம், பேர் மட்டும் வேணாமாம்

"நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாது" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தாங்க. பரீட்சைக்கு அது சரி. மேடை போடுறவங்க அதையே சொல்லும்போது அர்த்தம் வேற: பேரும் போட வேணாம், காசும் குடுக்க வேணாம்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. நம்ம பக்கத்துப் பஸ்ஸிலயும் கல்யாண வீட்டிலயும் பைலாவுக்கு நடுவில் அது ஓடிச்சு. பாடின அறிவு அரக்கோணத்துக்காரர். அந்தப் பாட்டில் தன்னை வள்ளியம்மாவின் பேரன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். அந்த வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்குப் போனவர். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்களே, மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று விட்டார்களே, அந்தக் கணக்கில் அண்ணன் போய்த் தம்பி நின்ற குடும்பங்கள் நம்ம லயங்களில் எத்தனை! அதனாலதான் அந்தப் பாட்டு நமக்கு வெறும் யூடியூப் பாட்டு இல்லை.

ஒப்பாரியும் ராப்பும் கலந்திருப்பதைக் கேட்டு "இதெல்லாம் மரபா?" என்று மூக்கைச் சுளிக்கிற பெரியவங்க நம்மிடமும் இருக்காங்க. அவங்க மீனாட்சியம்மையை மறந்துட்டாங்க. கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினவர். அன்றைக்குச் சனங்கள் முணுமுணுத்த மெட்டுகளை எடுத்து, தொழிலாளிக்கு வேண்டிய சேதியை அதில் ஏற்றினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று புத்தகமாகவும் போட்டார். பழசையும் புதுசையும் கலப்பது மலையகத்துக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. அந்தப் புத்தகத்தில் பேர் அச்சானதால்தான் இன்றைக்கு நாம் மீனாட்சியம்மை என்று சொல்ல முடிகிறது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொகுக்காவிட்டால் பல பாட்டுகள் அழிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல வரலை. ஆனா தொகுத்தவர் பேர் தெரிந்த நமக்கு, கொழுந்துக் கூடையோடு நின்று அந்தப் பாட்டைக் கட்டினவளின் பேர் தெரியுமா?

அறிவுக்கு நடந்ததும் இதோட தொடர்ச்சிதான். 2021 ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தாங்க. இரண்டு பாட்டுக்கும் வரி எழுதின அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்கென்று ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவர் இல்லாமலே பாட்டு மேடையேறியது. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது நான் என்று அறிவு பதிவு போட்டார். இசையமைத்தது தான் என்றும், வருமானமும் உரிமையும் மூன்று பேருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில், தங்களுக்கு ஒரு சதம்கூட வரவில்லை என்று அவரே சொன்னார். பூச்சியத்தில் சமபங்கு!

எனக்குக் கோபம் அவங்க கணக்கு மேல இல்லை. அந்த நேரத்தில் நம்ம பசங்க போட்ட கமெண்டு மேல. "மக்கள் பாட்டுக்கு என்ன சொந்தம் கொண்டாடுறது?" என்று எழுதினாங்க. ஏன்டா, சினிமாப் பாட்டுக்கு இப்படிக் கேட்பீங்களா?

நம்ம தோட்டங்களையே பாருங்க. 'மலையகம் 200' என்று 2023இல் எல்லாரும் கலாசாரம் பேசினோம். எட்டியாந்தோட்டையில், தெரணியகலையில் விடியக்காலை பால் வெட்டப் போன அம்மாமாரும் பாடினவங்கதான்; தேயிலை மட்டுமே மலையகம் என்று நினைக்கிறவங்களுக்கு அதுகூடத் தெரியாது. தப்பு மேடையில் 'நமது அடையாளம்'. இறங்கியதும் அடிச்சவருக்கு ஒரு சோத்துப் பார்சல். தப்பு அடிக்கிறவங்க எந்தச் சாதி என்று எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் அவங்க பேர் நோட்டீசில் வருவதில்லை. மறதி என்று சொல்லாதீங்க. உபயகாரர் பேரில் ஒரு எழுத்து விட்டுப்போனாலே மறுபடி அச்சடிக்கிற ஊர் இது.

இப்போ நம்ம பசங்களும் தப்போடு கிட்டார் சேர்த்துப் போனில் பதிவு செய்றாங்க. நல்லா செய்ங்க. பாட்டியிடம் கேட்ட பாட்டு என்றால் பாட்டியின் முழுப் பேரையும் போடுங்க, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்றும் எழுதுங்க. 'தோட்டத்துப் பாட்டு' என்று மொட்டையாகப் போடாதீங்க. வர்ற மாசியில் காமன் கூத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது தப்புக்காரர் பேர் உபயகாரர் பேருக்கு மேலே வரட்டும். அவருக்கு எவ்வளவு சம்பளம் என்பதையும் கூட்டத்திலேயே பேசி முடிவு பண்ணுங்க, விழா முடிஞ்ச பிறகு இல்லை.